கால் நனைந்த இடம் எது?

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள் வங்கக் கடலிலேயே போக வேண்டும். முதல் நாள் கடல் அழகாக இருக்கும். இரண்டாம் நாள் சிலருக்குத் தலை சுற்றும். மூன்றாம் நாள், "கரை எப்போ வரும்?" என்று எல்லாருமே கேட்க ஆரம்பிப்பார்கள். அப்போது தண்ணீரிலிருந்து முளைத்தது போலப் பச்சை மலைகள் தெரியும். அதுதான் அந்தமான். அதன் தலைநகரை நாம் போர்ட் பிளேர் என்று படித்திருக்கிறோம். 2024இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே கடைத்தெருவில் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

நாம் அங்கே நிற்கப் போவதில்லை. இன்னும் வடக்கே, சுமார் 300 கிலோமீட்டர் தள்ளிப் போகிறோம். ஊரின் பெயர் டிக்லிப்பூர். 1950களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை அரசு இந்தப் பக்கம் குடியேற்றியது. அவர்கள் காட்டைத் திருத்தி நெல் விளைவித்தார்கள், மாடு வளர்த்தார்கள். மழைக்குப் பஞ்சமே இல்லை. அந்தமானில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும். சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு!

அந்த ஊரில் 1988இல் ஒரு மர்மம் தொடங்கியது.

பெயர் இருக்கிறது, விடை இல்லை

மழைக்காலம் முடிகிற நேரம். சிலருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. தலைவலி, உடம்பெல்லாம் வலி. இதெல்லாம் எந்தக் காய்ச்சலுக்கும் வருவதுதானே? ஆனால் சிலருக்கு இருமும்போது இரத்தம் வந்தது. மூச்சுவிட முடியாமல் போனது. சிலர் இறந்தும் போனார்கள்.

அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் அதே காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளிலும் வந்தது. அக்டோபர், நவம்பர் வந்தாலே ஊர் பயந்தது.

இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்'. கேட்கப் பெரிய பெயராக இருக்கிறது, இல்லையா? ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் வருகிறது, இரத்தம் கசிகிறது, அந்தமானில் நடக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. யார் செய்தது என்பது அந்தப் பெயரில் இல்லை. ஏதோ ஒரு வைரஸாக இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தது.

போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் ஒன்று உண்டு. 1993இல் மறுபடியும் காய்ச்சல் வந்தபோது அங்கிருந்த எஸ்.சி. சேகல் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை பார்த்தவர்களும் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். விடை கிடைத்தது. அது வைரஸ் அல்ல. லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா.

நம் ஊரில் இந்த நோய்க்கு ரொம்ப எளிமையான பெயர் ஒன்று இருக்கிறது: எலிக்காய்ச்சல்.

கேள்விக்குறி போட்ட கிருமி

லெப்டோஸ்பைரா எப்படி இருக்கும்? ஒரு பழைய பேனாவைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சின்ன ஸ்பிரிங் இருக்கும். அதை மெல்ல இழுத்து, இரண்டு நுனியையும் கொஞ்சம் வளைத்துவிட்டால் ஏறக்குறைய அந்த உருவம் வந்துவிடும். 'லெப்டோஸ்' என்றால் கிரேக்க மொழியில் மெல்லியது. 'ஸ்பைரா' என்றால் சுருள். ஆக, மெல்லிய சுருள்!

எவ்வளவு மெல்லியது? நம் தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் இந்தக் கிருமிகளை அடுத்தடுத்துப் படுக்க வைத்தால் ஏறக்குறைய 800 படுக்கும். நீளம் மட்டும் அதன் தடிமனைப்போல நூறு மடங்கு. நூறு கிருமிகளை வரிசையாக வால் பிடித்து நிற்க வைத்தால் உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் வரும்.

1907இல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், இறந்துபோன ஒரு நோயாளியின் சிறுநீரகத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அந்த நோயாளி மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாக நினைத்திருந்தார்கள். சிறுநீரகத்திலோ சுருள் சுருளாக ஏதோ இருந்தது. நுனி வளைந்து, அச்சு அசல் கேள்விக்குறி மாதிரி! அதனால் அவர் அதற்கு லத்தீன் மொழியில் 'இண்டெரோகன்ஸ்' என்று பெயர் வைத்தார். 'கேள்வி கேட்பது' என்று பொருள். இன்றும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கிருமி நம்மை ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போகிறது. அது என்ன என்று கண்டுபிடித்துக்கொண்டே வாருங்கள்.

செய்து பாருங்கள்: அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு ஒரு சப்பாத்தி மாவு உருண்டை வாங்கிக்கொள்ளுங்கள். பேனா ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். முதலில் அதை நேராக மாவில் அழுத்துங்கள். மடங்கும், உள்ளே போக அடம்பிடிக்கும். இப்போது அழுத்தாமல், திருகாணியைத் திருகுவது போலச் சுற்றிக்கொண்டே விடுங்கள். மாவுக்குள் தானாக வழி பிடித்துக்கொண்டு போகும். லெப்டோஸ்பைராவும் இப்படித்தான் சுழன்று சுழன்று நீந்துகிறது. கூழ் போன்ற இடங்களிலும் உடலின் திசுக்களிலும் அது வழி கண்டுபிடிப்பதற்கு இந்தச் சுருள் உடம்பு உதவுகிறது. (அந்த மாவில் சப்பாத்தி சுடச் சொல்லாதீர்கள்!)

இருட்டில்தான் தெரியும்

இவ்வளவு மெல்லிய கிருமியைப் பார்ப்பது எப்படி? சாதாரண மைக்ராஸ்கோப்பில் கீழேயிருந்து வெளிச்சம் வரும். பின்னணி பளிச்சென்று இருக்கும். அந்த வெளிச்சத்தில் லெப்டோஸ்பைரா காணாமல் போய்விடும்.

தாத்தா பாட்டியின் ஓட்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? மத்தியான நேரம், அறை இருட்டாக இருக்கும். ஓடுகளின் இடுக்கு வழியே ஒரு வெயில் கம்பி உள்ளே இறங்கும். அந்தக் கம்பிக்குள் ஆயிரம் தூசிகள் மிதந்து ஆடும். முற்றத்தில் நின்றால் அதே தூசி கண்ணுக்குத் தெரியாது. பின்னால் இருட்டு, பக்கத்திலிருந்து வெளிச்சம் என்று அமைந்தால்தான் தெரியும்.

விஞ்ஞானிகளும் இதையேதான் செய்கிறார்கள். வெளிச்சம் நேராக நம் கண்ணுக்கு வராமல் பக்கவாட்டில் விழும்படி மைக்ராஸ்கோப்பை அமைக்கிறார்கள். இதற்கு 'இருள்புல மைக்ராஸ்கோப்' என்று பெயர். கறுப்புப் பின்னணியில் வெள்ளி நூல்கள் துடித்துத் துடித்துச் சுழல்வது தெரியும்.

ஆனால் நோயாளியின் இரத்தத்தில் கிருமியை நேரில் பிடிப்பது கஷ்டம். ஒரு வாரம் போனால் அது இரத்தத்தை விட்டு நகர்ந்துவிடும். அதனால் இன்னொரு வழி உண்டு: கிருமியைத் தேடாமல் அதன் தடயத்தைத் தேடுவது.

நம் உடம்பில் ஒரு கிருமி நுழைந்தால், அதைப் பிடிப்பதற்கென்றே உடம்பு எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும். காய்ச்சல் போன பிறகும் அவை இரத்தத்தில் இருக்கும். ஆய்வகத்தில் லெப்டோஸ்பைராக்களை உயிரோடு வளர்த்து வைத்திருப்பார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிவான சீரத்தை அவற்றோடு கலப்பார்கள். சீரத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீரில் ரவையை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டுமே, அது மாதிரி!

பிறகு சீரத்தில் தண்ணீர் விட்டு விட்டுக் குறைப்பார்கள். நூறில் ஒரு பங்கு, இருநூறில் ஒரு பங்கு, நானூறில் ஒரு பங்கு... எவ்வளவு நீர்த்தாலும் கட்டி தட்டுகிறது என்றால் எதிர்ப்பொருள் அவ்வளவு அதிகம். பத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முன்பைவிட நான்கு மடங்கு ஏறியிருந்தால், "இவன்தான் திருடன்!" என்று உறுதியாகச் சொல்லலாம்.

தூசி படிந்த புத்தகம்

இப்போது கதையில் ஒரு வேடிக்கை வருகிறது.

அந்தமானுக்கு எலிக்காய்ச்சல் புதிது அல்ல! ஆங்கிலேயர் காலத்தில் அந்தமான் ஒரு சிறைத் தீவு. அந்தக் காலத்திலேயே டெய்லர், கோயல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே லெப்டோஸ்பைராவைக் கண்டுபிடித்தார்கள். 1931இல் 'அந்தமானில் எலிக்காய்ச்சல்' பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார்கள். அந்தமானின் பெயரையே ஒரு லெப்டோஸ்பைரா வகைக்கு 'அந்தமானா' என்று வைத்தார்கள்.

அப்படியானால் அறுபது ஆண்டு கழித்து வந்தபோது ஏன் உடனே அடையாளம் தெரியவில்லை?

வேஷம் மாறியிருந்தது, அதுதான் காரணம். இந்த நோய் முற்றினால் எப்படி இருக்கும் என்று 1886இல் ஜெர்மனியைச் சேர்ந்த அடோல்ஃப் வெயில் விவரமாக எழுதினார். காய்ச்சலோடு மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் கெடும். 'வெயில் நோய்' என்ற பெயரே வந்துவிட்டது. (நம் ஊர் வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) எலிக்காய்ச்சல் என்றால் கண்ணும் தோலும் மஞ்சளாகும் என்பதுதான் பாடப்புத்தகச் சித்திரம். டிக்லிப்பூரிலோ நுரையீரலில் இரத்தம் கசிந்தது. திருடனுக்கு மீசை உண்டு என்று எழுதி வைத்துக்கொண்டு தேடினால், மீசை மழித்தவன் எதிரிலேயே நடந்து போவான்.

இதே தவறு தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஹிடேயோ நொகுச்சி என்று ஒரு பெரிய விஞ்ஞானி இருந்தார். லெப்டோஸ்பைரா என்ற பெயரை வைத்தவரே அவர்தான். அவர் படம் 2004 முதல் ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் இருந்தது. 1918இல் தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சலை ஆராயப் போனவர் சில நோயாளிகளிடம் லெப்டோஸ்பைராவைக் கண்டார். மஞ்சள் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று அறிவித்தார். அது தவறு. மஞ்சள் காய்ச்சல் கொசு பரப்பும் வைரஸால் வருவது. உண்மையைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனவர், 1928இல் அங்கேயே மஞ்சள் காய்ச்சல் வந்து இறந்துபோனார்.

அங்கே வைரஸின் வேலையை லெப்டோஸ்பைரா தலையில் போட்டார்கள். டிக்லிப்பூரில் லெப்டோஸ்பைராவின் வேலைக்கு வைரஸைச் சந்தேகித்தார்கள். காய்ச்சல் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம். காய்ச்சல் வந்தவர் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் பார்க்க வேண்டும்.

எலிக்குக் காய்ச்சல் வருமா?

"எலிக்காய்ச்சல் என்றால் எலிக்குக் காய்ச்சலா?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. வராது! அதுதான் சங்கடம்.

1915இல் ஜப்பானின் கியூஷூ தீவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்தது. இனடா, இடோ என்ற இரண்டு மருத்துவர்கள் அவர்களின் இரத்தத்திலிருந்து கிருமியைக் கண்டுபிடித்தார்கள். ஈரமான சுரங்கத்துக்கு யார் கொண்டு வந்து போட்டது? எலிகளைப் பிடித்து ஆராய்ந்தார்கள். எலியின் சிறுநீரகத்தில் கிருமி இருந்தது. எலியோ ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது.

சிறுநீரகத்துக்குள் நுண்ணிய குழாய்கள் ஏராளம் உண்டு. லெப்டோஸ்பைரா அந்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு வாடகை தராமல் குடியிருக்கிறது. எலியின் உடம்பு அதைத் துரத்துவதும் இல்லை. எலி சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கிருமி வெளியே வரும். மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் எலியை மட்டும் குற்றம் சொன்னால் பெயர் நம்மை மறுபடி ஏமாற்றுகிறது என்று பொருள். மாடு, எருமை, ஆடு, பன்றி, நாய் எல்லாமே இந்தக் கிருமியைச் சுமக்கலாம். வெவ்வேறு விலங்குகளில் வெவ்வேறு வகைகள் குடியிருக்கும். இப்படி 250க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

சிறுநீர் மண்ணில் விழுகிறது. மண் காய்ந்தால் கிருமி செத்துவிடும். கொதிக்க வைத்தால் சாகும், குளோரின் போட்டால் சாகும். உப்புத் தண்ணீரிலும் நெடுநாள் தாங்காது. ஆனால் ஈரச் சேற்றிலும், தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

பாருங்கள், தீவைச் சுற்றிலும் கடல். அலை அடிக்கிறது, சுறா இருக்கிறது, முதலைகூட இருக்கிறது. ஆனால் இந்தக் கிருமி காத்திருப்பது வீட்டுக்குப் பின்னால், கணுக்கால் ஆழம்கூட இல்லாத வயல் தண்ணீரில்!

தீவுகளில் இது ஏன் அதிகம் வருகிறது?

உலகில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு எலிக்காய்ச்சல் வருவதாகவும், அவர்களில் சுமார் 59,000 பேர் இறப்பதாகவும் 2015இல் ஒரு கணக்கு வெளியானது. வெப்பமண்டலத் தீவுகளில் இதன் தொல்லை அதிகம். சீஷெல்ஸ், பிஜி, ஹவாய், இலங்கை, அந்தமான் என்று பட்டியல் நீளும். காரணங்கள் பல.

முதல் காரணம், கப்பல். ஒரு காலத்தில் பல தீவுகளில் எலியே கிடையாது. மனிதர் போன கப்பல்களில் டிக்கெட் வாங்காத பயணிகளாக எலிகளும் போயின. கரையில் இறங்கிப் பார்த்தால் சாப்பாடு நிறைய இருந்தது, துரத்துவதற்குப் பூனையோ பாம்போ குறைவு. பெருகிவிட்டன.

இரண்டாவது, மனிதர்களின் 'புத்திசாலித்தனம்'. ஜமைக்கா தீவின் கரும்புத் தோட்டங்களை எலி நாசம் செய்தது. ஒரு தோட்ட முதலாளி 1872இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிப்பிள்ளைகளை வரவழைத்தார். அவற்றின் குட்டிகள் பல தீவுகளுக்குப் போயின. 1883இல் ஹவாய்க்கும் வந்தன. திட்டம் அருமை, ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். எலி ராத்திரியில் மேயும், கீரி பகலில் வேட்டையாடும். ஒருவர் ஷிஃப்ட் முடிந்து போன பிறகுதான் மற்றவர் வேலைக்கு வருகிறார்! எலி அப்படியே இருந்தது. கீரி பறவை முட்டைகளைத் தின்றது. போதாததற்கு, கீரியின் சிறுநீரகத்திலும் இப்போது லெப்டோஸ்பைரா குடியிருக்கிறது.

மூன்றாவது, மழையும் சூடும். குளிர்நாட்டில் கிருமி தண்ணீரில் நெடுநாள் தாங்குவது கடினம். தீவிலோ ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு, ஆண்டின் பெரும்பகுதி ஈரம்.

நான்காவது, வேலை. டிக்லிப்பூரில் நெல் வயல். ஹவாயில் சேம்பு வயல். நாம் வறுத்துச் சாப்பிடுகிற அதே சேப்பங்கிழங்குதான். அங்கே அதற்குக் 'கலோ' என்று பெயர், நெல்லைப் போலவே தண்ணீர் நிறுத்தி வளர்க்கிறார்கள். எந்தத் தீவானால் என்ன, மனிதர் முழங்கால் சேற்றில் நிற்கிறார். மாடும் எலியும் அதே தண்ணீரைத்தான் பயன்படுத்துகின்றன.

இதற்கு மேல் வெள்ளமும் வந்துவிட்டால்? நம் முன்னோர் சிலர் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன பிஜித் தீவுகளில் 2012இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளங்கள் வந்தன. பிறகு 500க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் வந்தது, சுமார் 40 பேர் இறந்தார்கள். இலங்கையில் 2008இல் 7000க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பெருமழைக்குப் பிறகு ஒரு காய்ச்சல் பரவிச் சிலர் இறந்தபோது, முதலில் என்னவென்று தெரியாமல் மக்கள் கலங்கினார்கள். சோதித்துப் பார்த்ததில் அதுவும் எலிக்காய்ச்சல்தான்.

சேற்றுப்புண் என்ற கதவு

தண்ணீரிலிருந்து உடம்புக்குள் எப்படி வரும்? நம் தோல் நல்ல கோட்டைச் சுவர். ஆனால் நாள் முழுக்க வயலில் நின்றால் தோல் ஊறிப்போகும். கால் விரல் இடுக்கில் வெடித்து அரிக்கும். கிராமத்தில் கேட்டுப் பாருங்கள், 'சேற்றுப்புண்' என்பார்கள். லெப்டோஸ்பைராவுக்கு அது திறந்த கதவு. சின்னச் சிராய்ப்பு போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும்.

உள்ளே போனதும் காய்ச்சல் வந்துவிடாது. இந்த இடத்தில்தான் கிருமியின் தந்திரம் இருக்கிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் வரை எதுவும் தெரியாது. அதற்குள் வயல் வேலை முடிந்திருக்கும், வெள்ளம் வடிந்திருக்கும், கால் சிராய்ப்பும் ஆறிப்போயிருக்கும். பிறகு ஒருநாள் திடீரென்று குளிர்காய்ச்சல் வரும். தலை விண்விண்ணென்று வலிக்கும். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கும். கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. அந்த நேரத்தில் பத்து நாளுக்கு முன்னால் மிதித்த தண்ணீர் யாருக்கு ஞாபகம் வரும்?

சில சமயம் காய்ச்சல் போய் மாதக்கணக்கில் கழித்துக்கூட இதன் பாதிப்பு தெரியும். 1993இன் கடைசியில் மதுரைப் பக்கம் பெரிய வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணுக்குள் அழற்சியோடு வழக்கத்தைவிட நிறையப் பேர் வந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் 73 பேருக்குக் காரணம் லெப்டோஸ்பைரா! நோய் கண்ணில் இருந்தது. அதன் விடை வடிந்துபோன வெள்ளத்தில் இருந்தது.

வாரம் ஒரு மாத்திரை

காரணம் தெரிந்ததும் டிக்லிப்பூரில் அடுத்த கேள்வி எழுந்தது. வயலில் இறங்காமல் விவசாயி இருக்க முடியாது. முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்தால் நோயைத் தடுக்கலாமா?

இதைச் சோதிக்க 782 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து, வாரம் ஒரு முறை, 12 வாரம். இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஏன் வெற்று மாத்திரை? மருந்து சாப்பிட்ட பத்துப் பேருக்கு நோய் வரவில்லை என்றால், அது மருந்தாலா, இல்லை அவர்களுக்கு எப்படியும் வந்திருக்காதா? ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தால்தானே தெரியும்!

வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு நோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் வந்தது. ஆனால் இரத்தத்தில் தடயத்தைத் தேடியபோது, கிருமி நுழைந்தவர்கள் எண்ணிக்கையில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது மருந்து கதவைப் பூட்டவில்லை. உள்ளே வந்த திருடனைக் கொள்ளையடிக்க விடாமல் பிடித்துக்கொண்டது. கதவைப் பூட்டுகிற வேலை செருப்புக்கும் சோப்புக்கும்தான்.

(இந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் யாரும் சாப்பிடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்று அவருக்குத்தான் தெரியும்.)

நம்மால் என்ன முடியும்?

மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் வெறுங்காலோடு ஆட்டம் போடாதீர்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்கவே வேண்டாம். வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் வேலை செய்கிற பெரியவர்களை முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடையுங்கள். குடிதண்ணீரைக் காய்ச்சி மூடி வையுங்கள். மிச்சச் சோற்றை வாசலில் கொட்டாதீர்கள், அது எலிக்கு வைக்கிற விருந்து. வீட்டு நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தவரைத் தொடப் பயப்பட வேண்டாம். இது பொதுவாக மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. இந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆண்டிபயாடிக் மருந்திலேயே குணமாகும். தாமதமானால்தான் ஆபத்து. ஆனால் முதல் இரண்டு நாளில் இது டெங்கு மாதிரியும் இருக்கும், மலேரியா மாதிரியும் இருக்கும், வெறும் சளிக்காய்ச்சல் மாதிரியும் இருக்கும். டாக்டர் உங்கள் நாக்கைப் பார்ப்பார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பார். உங்கள் கால் பத்து நாளுக்கு முன்னால் எங்கே நின்றது என்பதை எந்தக் கருவியும் அவருக்குக் காட்டாது. அது தெரிந்தவர் நீங்கள் மட்டுமே.

அந்தக் கேள்விக்குறிக் கிருமி கேட்கிற கேள்வி என்ன என்று இப்போது தெரிந்துவிட்டதா? டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்: "டாக்டர், போன வாரத்துக்கு முந்தின வாரம் தாத்தாவோட வயல்ல இறங்கினேன். கால்ல புண் இருந்தது."

யோசித்துப் பாருங்கள்

1. கடல் மீனவரைவிட நெல் விவசாயிக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து அதிகம். ஏன்?

2. கோடையில் எலிகள் இருந்தும் எலிக்காய்ச்சல் குறைவு. ஏன்?

3. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு படம் வரையுங்கள். மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேங்குகிற இடங்களுக்கு நீலம் அடியுங்கள். மாடு, நாய், எலி நடமாடுகிற இடங்களுக்குச் சிவப்பு அடியுங்கள். இரண்டு நிறமும் கலக்கிற இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். படத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள்.